தோழரைக் கைவிடாத தம்பிரான்

திருவாரூர்ப் பெருங்கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் திரண்டிருந்த ஒரு நாளில், அவர்களை உள்ளத்தால் வணங்கினாரேனும் வெளிப்பட நின்று கைகூப்பாமல் ஒதுங்கிச் சந்நிதியை நோக்கி நடந்துவிட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகளைக் கண்டு பொறாத விறன்மிண்டர், இவரும் அடியார் கூட்டத்துக்குப் புறம்பு, இவரை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார் எனப் பெரிய புராணம் கூறுகிறது. இறைவன் சினங்கொள்ளவில்லை. பிழைபட்ட தம் தோழர் சுந்தரரையே அழைத்து, முதலடியைத் தாமே எடுத்துக் கொடுத்து, அடியார் பெருமையைப் பாடும்படி பணித்தார்.

அவ்வாறு பிறந்ததே 11 பாடல்கள் கொண்ட திருத்தொண்டத் தொகை. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதிக்கும் சேக்கிழாரின் பெரிய புராணத்துக்கும், இன்று சிவாலயப் பிராகாரங்களில் 63 நாயன்மார்கள் வரிசையாக நிற்பதற்கும் அதுவே மூலம். சர்வேசுவரன் நினைத்திருந்தால் அப்பெயர்களை அசரீரியாகவே உலகறியச் செய்திருக்கலாமே. ஏன் ஒரு மனிதனின் நாவை நாடினார்? மாசற்ற ஒருவர் பாடியிருந்தால் அது தீர்ப்பாக முடிந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். தம் பிழையை அப்போதுதான் உணர்ந்தவராகையால், வேடர் கண்ணப்பருக்கும், பரதவர் அதிபத்தருக்கும், பரத்தையை நாடியதால் மனைவியின் ஆணைக்கு ஆளாகி நெடுங்காலம் அவளைத் தீண்டாது வாழ்ந்த குயவர் திருநீலகண்டருக்கும் தம்மை அடியவராக அவரால் எழுதிக்கொடுக்க முடிந்தது. தம்மைப் புறம்பென்று தள்ளிய விறன்மிண்டரின் பெயரையும் முதற்பாடலிலேயே வைத்தார். இதைவிட அழகிய பிராயச்சித்தம் நம் இலக்கியத்தில் வேறெங்கும் உண்டோ, நானறியேன்.

சைவ சித்தாந்திகள் சுந்தரரின் நெறியைச் சகமார்க்கம், அதாவது தோழமை நெறி என்பர். தோழமையென்றால் குற்றத்துக்கு உடந்தையாவதன்று. திருவொற்றியூரில் தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேனென்று சபதம் செய்ய நேர்ந்தபோது, சந்நிதியில் செய்யும் சபதம் தம்மைக் கட்டாதிருக்க, இறைவன் அவ்வேளையில் மகிழமரத்தடிக்குச் சென்றுவிட வேண்டுமென்று சுந்தரர் வேண்டிக்கொண்டார். இறைவனோ அதற்கு இசைந்துவிட்டு, மகிழின் கீழேயே சபதம் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். சபதத்தை மீறி ஊரெல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளியிழந்தன. திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது பார்வையன்று, ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண், மற்றொன்று திருவாரூரில். தண்டித்தவரே வழிநெடுகத் துணையாகவும் நின்றார். அத்துயரப் பயணத்தில் தலந்தோறும் எழுந்த பதிகங்கள் ஏழாம் திருமுறையில் நிலைபெற்றிருக்கின்றன.

திருவாரூரிலோ சுந்தரரின் முதல் மனைவி பரவையார் கதவடைத்திருந்தார். சங்கிலியாரை மணந்த செய்தி முன்பே எட்டியிருந்தது. அவர் கோபத்தில் நியாயமும் இருந்தது. செய்வதறியாத சுந்தரர் நள்ளிரவில் இறைவனையே தூது வேண்டினார். அயனும் மாலும் தேடியும் காணாத திருவடிகள் ஆரூர்த் தெருவில் அர்ச்சகர் கோலத்தில் நடந்தன, பரவையார் மறுத்தார். திரும்பி வந்து தோழரின் துயரத்தைக் கண்டவர், அவ்விரவே மறுபடியும், இம்முறை தம் மெய்வடிவில், பூதகணங்கள் சூழப் புறப்பட்டார். அன்பர் ஒருவருக்காக இருளில் இப்படி அலைபவரிடம் இனி என்ன சொல்ல முடியுமென்று பரவையார் இசைந்தார்.