தோல் இறுகும் நோய் அடையாளம் காட்டிய புரதம், ஈஸ்ட்டிலும் அதே வேலை செய்கிறது

ஸ்கிளெரோடெர்மா நோய் வந்தவர்களுக்குத் தோல் தடித்து இறுகிப்போகும். நோயை எதிர்க்க வேண்டிய ஆற்றல் சொந்த உடலையே தாக்குவதால் வரும் பாதிப்பு இது.

இந்நோயாளிகளில் சிலரது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் துணையோடுதான் 1985ஆம் ஆண்டு அந்தப் புரதம் அடையாளம் காணப்பட்டது. அதற்கு ஃபைப்ரிலாரின் என்று பெயரிடப்பட்டது.

அது உடலில் என்ன வேலை செய்கிறது என்பதை விளக்கியதில் பெரும்பங்கு, அப்பம், ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்டுக்கு உண்டு. ஈஸ்ட்டில் அதே புரதத்தின் பெயர் நாப்-1.

நிமிடத்துக்கு 2,000

உயிரணுவுக்குத் தேவையான புரதங்களை உருவாக்குபவை ரைபோசோம்கள். வேகமாக வளரும் ஓர் ஈஸ்ட் உயிரணு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 ரைபோசோம்களைத் தயாரிக்கிறது.

ரைபோசோமுக்கு முதுகெலும்பாக இருப்பது ரைபோசோம் ஆர்என்ஏ. உயிரணுவின் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்ற அடர்த்தியான பகுதி உள்ளது. அங்குதான் இந்த ஆர்என்ஏ முதலில் நீண்ட இழையாக உருவாகிறது. பின்னர் அந்த இழை வெட்டப்பட்டு மூன்று துண்டுகளாகிறது. அவற்றில் ஒன்று ரைபோசோமின் சிறிய பாகத்துக்கும் மற்ற இரண்டும் பெரிய பாகத்துக்கும் செல்கின்றன.

வெட்டினால் மட்டும் போதாது. இழை சரியாக மடிந்து நன்கு செயல்பட, அதன் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக் குழு ஒட்டப்பட வேண்டும். ஈஸ்ட்டில் நாப்-1 வகை முத்திரை பதியும் இடங்கள் ஏறக்குறைய 55.

ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட இழையில் சரியான இடம் எது என்று நாப்-1 தானாகத் தேடுவதில்லை. சிறிய வழிகாட்டி ஆர்என்ஏக்கள் இழையில் தங்களுக்குப் பொருந்தும் பகுதியோடு இணைந்து இடத்தைக் காட்டுகின்றன. அந்த இடத்தில் முத்திரையைப் பதிப்பது நாப்-1.

சூடேற்றியபோது தெரிந்தது

நாப்-1 அறவே இல்லாவிட்டால் ஈஸ்ட் பிழைக்காது. அதனால் அதை நீக்கிவிட்டு ஆராய முடியாது. குளிர்ச்சியில் வேலை செய்து, சூடேறினால் செயலிழக்கும் வகையில் நாப்-1ஐ மாற்றி ஆய்வாளர்கள் சோதித்தனர்.

1993ல் வெளியான முடிவுகள் வியப்பளித்தன. ஒரு வகை மாற்றத்தில் இழையை வெட்டும் பணி பாதிக்கப்பட்டது. இன்னொரு வகையில் முத்திரை பதிவது நின்றது. வேறொன்றில் ரைபோசோமைக் கோத்து முடிக்கும் கட்டம் தடைப்பட்டது. ஒரே புரதம் மூன்று கட்டங்களிலும் தேவைப்படுவது அதில் உறுதியானது.

மனிதப் புரதத்துடன் வாழ்ந்த ஈஸ்ட்

அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே, 1991ல், மற்றொரு சோதனை நடந்தது. ஈஸ்ட்டின் நாப்-1ஐ எடுத்துவிட்டு அதற்குப் பதில் மனிதரின் ஃபைப்ரிலாரினை வைத்தனர். ஈஸ்ட் உயிர் பிழைத்தது.

மனிதப் புரதம் ஈஸ்ட்டின் நியூக்ளியோலசுக்கே சென்று, அங்குள்ள சிறிய ஆர்என்ஏக்களுடன் சேர்ந்துகொண்டது. இரு புரதங்களும் 70 விழுக்காடு ஒத்திருப்பதும் தெரியவந்தது. ஆனால் பொருத்தம் முழுமையாக இல்லை. வெப்பம் கூடியபோது அந்த ஈஸ்ட்டால் வளர முடியவில்லை.

மனிதரும் ஈஸ்ட்டும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதாகக் கணிக்கப்படுகிறது. ஆனாலும் ரைபோசோம் தயாரிக்கும் முறை பெருமளவு மாறவில்லை. 

நோயாளியிடம் செய்து பார்க்க முடியாத சோதனைகளை ஈஸ்ட்டில் செய்ய முடிகிறது. ஃபைப்ரிலாரினைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் ரத்தத்தில் உள்ளனவா என்பதை ஸ்கிளெரோடெர்மா நோயை வகைப்படுத்த மருத்துவர்கள் இன்றும் பார்க்கின்றனர். அந்தப் புரதம் உயிரணுவுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்லித் தந்தது ஒரு சிட்டிகை ஈஸ்ட்.