டெவலப்பர் தூளைப் பாதுகாப்பாகக் கரைத்தல்

கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவைத் தோற்றுவிக்கும் டி-76 என்னும் டெவலப்பரைக் கொடாக் நிறுவனம் 1927 இல் அறிமுகப்படுத்தியது. மாணவர்களே, அதன் நிறைகளை நீங்கள் மனனம் செய்துவிடுகிறீர்கள். ஒழுங்கின் காரணத்தை எழுதாமல் புள்ளியை இழக்கிறீர்கள்.

750 மில்லிலீற்றர் நீரை ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, முதலில் மெற்றோல் 2 கிராமைக் கரையுங்கள். அது முற்றாகக் கரைந்த பின்னரே சோடியம் சல்பைற்று 100 கிராம். ஏனெனில் சல்பைற்று செறிந்த நீரில் மெற்றோல் எளிதில் கரையாது. (சல்பைற்றில் ஒரு சிட்டிகையை மட்டும் முன்னரே இடலாம், அது மெற்றோல் ஒட்சியேற்றமடைவதைத் தடுக்கும்.) அடுத்து ஐதரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். ஈற்றில் குளிர்நீர் சேர்த்து 1 லீற்றராக்குங்கள்.

இதற்கு இருள் தேவையில்லை. படச்சுருளைத் தொட்டியில் ஏற்றும்போதே இருள் வேண்டும். ஆகவே வெளிச்சத்தில், யன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பறக்கும் தூசுதான் மூச்சுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போகிறது. முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை மூன்றும் அவசியம். தூளின் மேல் நீரை ஊற்றாது, நீர்மட்டத்துக்கு அருகே பிடித்துத் தூளைச் சிறிது சிறிதாக இடுங்கள். மெற்றோல் சிலரது தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும். ஒருமுறை வந்தால், பின்னர் சிறிதளவு பட்டாலே திரும்பவும் வரும்.

சமையலறைக் கரண்டியை எடுக்காதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது அதைவிட மோசம்: கரைசல் நிறமற்றது, விளையாடிவிட்டு வரும் தம்பிக்கு அது தண்ணீர்தான். கபில நிறப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி, பெயரும் திகதியும் எழுதி ஒட்டி, பூட்டி வையுங்கள்.