ஏரியைத் தூர்வாரும் கம்பெனி நம்மை எப்படி நடத்தும்?

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பெரிய கம்பெனிகள் பலவும் முதலில் ஒரு வீடியோ போட்டுக் காட்டும். ஏரி தூர்வாருவார்கள், அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவார்கள், ஒரே நிற டி-ஷர்ட்டில் மரக்கன்று நடுவார்கள். சம்பளப் பேச்சு வருவதற்குள் பாதி மனசு சாய்ந்திருக்கும்.

இது ஏன் என்று ஆய்வாளர் டேவிட் ஜோன்ஸ் குழுவினர் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. அப்படிப்பட்ட கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வதில் பெருமை. நம் கொள்கையும் கம்பெனியின் கொள்கையும் ஒத்துப்போகும் என்ற எண்ணம். மூன்றாவது, ஊருக்கு நல்லது செய்கிறவர்கள் ஊழியரையும் நன்றாகத்தான் நடத்துவார்கள் என்ற கணிப்பு. உள்ளே எப்படி என்று வெளியாளுக்குத் தெரியாது. கண்ணில் படுவதை வைத்துத்தானே எடைபோட முடியும்?

இந்த மூன்றாவது கணிப்புதான் நம் நாட்டில் சறுக்கும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர லாபம் ரூ.5 கோடியைத் தொட்டாலே (நிகர மதிப்பு ரூ.500 கோடி அல்லது விற்றுமுதல் ரூ.1,000 கோடி என்றாலும்) முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். ஆக, தாராள மனசு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி சட்டக் கடமை. இன்னொன்று, தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை இந்தக் கணக்கில் எழுத விதியே இடம் தராது. அந்த ஏரிக்கும் உங்கள் நைட் ஷிப்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

அதற்காக எல்லாமே வேஷம் என்று ஒதுக்கவும் வேண்டாம். ஆண்டறிக்கையின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) இணைப்பைப் பாருங்கள்: எவ்வளவு பணம் செலவழித்தார்கள், செலவழிக்காமல் விட்டது எவ்வளவு என்று இருக்கும். வருடாவருடம் ஒரே ஊரில் ஊன்றி வேலை செய்கிற கம்பெனிக்கு என் கணக்கில் மதிப்பெண் கூடுதல்.

ஊழியர் நிலவரத்துக்கு வேறு ஆவணம் இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள பட்டியலிட்ட கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) என்ற அறிக்கையை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் உத்தரவு. மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், மகப்பேறு விடுப்பு முடிந்து எத்தனை பேர் திரும்பினார்கள், பணிச்சூழல் குறித்த புகார்களில் எத்தனை தீராமல் கிடக்கின்றன என்பதெல்லாம் அதில் உண்டு. சின்னக் கம்பெனி என்றால், அங்கே இருக்கும் சீனியர் யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டியதுதான்.

இந்த அறிக்கைகள் கம்பெனியின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுங்கள்.