பாய்மரப் படகில் மின்சாரம் தொலையும் இடங்கள்

பாய்மரப் படகைச் செலுத்துவது காற்றே எனினும், துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியேறவும், காற்று ஓய்ந்த வேளையில் நகரவும் அதன் வயிற்றில் சிறு டீசல் எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். விளக்குகள், வானொலி, ஆழமானி, குளிர்பெட்டி ஆகியவற்றை இயக்கும் பேட்டரிகளுக்கு மின்னேற்றுவதும் பெரும்பாலும் அந்த எஞ்சின்தான். டீசல் எஞ்சினில், அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றில் எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்வதால் பெட்ரோல் எஞ்சினைப் போல மின்பொறி தேவைப்படுவதில்லை. எனவே பழைய வகை எஞ்சின் ஒருமுறை கிளப்பப்பட்டுவிட்டால் பேட்டரியின் துணையின்றியே ஓடிக்கொண்டிருக்கும். பாராட்டத்தக்க இந்தப் பண்புதான் மின்னேற்றக் கோளாற்றை மறைத்தும் விடுகிறது. எஞ்சின் சீராக ஓடும் ஒலியைக் கேட்டுப் பேட்டரி நிறைகிறது என்று படகோட்டி நம்பியிருக்க, மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்ப முயலும்போதுதான் அது வற்றிக் கிடப்பது தெரியவருகிறது.

மின்சாரத்தை ஆக்கும் கருவி, எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட ஆல்ட்டர்னேட்டர். அதன் சுழலும் பகுதியிலுள்ள கம்பிச்சுருளுக்குச் சிறிதளவு மின்னோட்டம் கிடைத்ததும் அது மின்காந்தமாகி, சுற்றிலும் அசையாமல் நிற்கும் மூன்று சுருள்களில் மாறுமின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும் டையோடுகள் அதை நேர்மின்னோட்டமாக மாற்ற, ரெகுலேட்டர் எனும் சீராக்கி மின்னழுத்தத்தை 14.2 முதல் 14.4 வோல்ட் வரையில் நிறுத்திவைக்கிறது. தொடக்கத்தில் வேண்டிய அந்தச் சிறு மின்னோட்டம் பல படகுகளில் எச்சரிக்கை விளக்கின் வழியாகவே வந்து சேர்வதால், விளக்கின் பல்பு எரிந்துபோனால் எந்தப் பழுதும் இல்லாத ஆல்ட்டர்னேட்டர்கூட வெறுமனே சுழன்றுகொண்டிருக்கக்கூடும். ஆகவே சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு எரிகிறதா, எஞ்சின் கிளம்பியதும் அணைகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

மின்னேற்றம் குறைந்ததும் ஆல்ட்டர்னேட்டரையே கழற்றி மாற்றுவது பரவலான வழக்கம். அது பெரும்பாலும் வீண் செலவு. கடற்காற்றின் உப்பீரம் செம்புக் கம்பிகளிலும் அவற்றின் முனைகளிலும் பச்சை படரச் செய்வதால், ஆக்கிய மின்சாரம் வழியிலேயே தொலைந்துபோவதற்குத்தான் வாய்ப்பு மிகுதி. அதைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது என்றும், 12.2 வோல்ட் அளவில் காட்டினால் பாதி தீர்ந்திருக்கிறது என்றும் கொள்ளலாம். பாதி தீர்ந்த நிலையில் எஞ்சினை மிதவேகத்தில் ஓடவிட்டு, முதலில் ஆல்ட்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் உடலுக்கும் இடையிலும், பிறகு பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையிலும் அளக்க வேண்டும். முன்னது 14.3 வோல்ட்டும் பின்னது 13.3 வோல்ட்டும் காட்டினால், ஆல்ட்டர்னேட்டரில் குறையில்லை, இடையே ஒரு வோல்ட் தொலைகிறது என்பது உறுதியாகிறது. 50 ஆம்பியர் ஓடும்போது 0.02 ஓம் மின்தடையே இந்த இழப்புக்குப் போதுமானது. ஆனால் மின்னோட்டம் இல்லாதபோது இழப்பும் இராது என்பதால், நிறைந்த பேட்டரியை வைத்துக்கொண்டு செய்யும் சோதனை ஏமாற்றிவிடும். ஓர் ஊசியை வெளியீட்டு முனையிலும் மற்றொன்றை நேர்மின் கம்பி செல்லும் வழியில் ஒவ்வோர் இணைப்பாகவும் வைத்துக்கொண்டே போனால், எண் திடீரென உயருமிடத்தில் பழுது பிடிபடும். ஆல்ட்டர்னேட்டரின் உடலிலிருந்து பேட்டரியின் எதிர்முனை வரையுள்ள பாதையையும் அவ்வாறே தேட வேண்டும். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

இரண்டு பேட்டரித் தொகுதிகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட டையோடு பிரிப்பான் பொருத்திய படகுகளில், எல்லா இணைப்புகளும் தூய்மையாக இருந்தாலும் 0.6 அல்லது 0.7 வோல்ட் அந்தப் பிரிப்பானிலேயே இழக்கப்படும். அதனால் என்றும் முழுமையாக நிறையாத பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகம் இறுகி, அதன் ஆயுள் குறைகிறது. பேட்டரி முனையிலேயே மின்னழுத்தத்தை உணர்ந்து செயல்படும் ரெகுலேட்டரே இதற்குத் தக்க மாற்று.

ஆல்ட்டர்னேட்டரிலும் பேட்டரியிலும் எடுத்த இரு அளவீடுகளும் ஒன்றுபோலவே 12.5 வோல்ட்டைத் தாண்டாதபோதுதான் ஆல்ட்டர்னேட்டரின் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட்: கப்பியின் அடியில் கறுப்பு ரப்பர்த் தூள் உதிர்ந்திருந்தால் அது வழுக்குகிறது என்று பொருள், அதே பெல்ட் குளிர்நீர்ப் பம்பையும் சுழற்றும் எஞ்சின்களில் இந்தத் தளர்வு எஞ்சினையே சூடேற்றிவிடும். பெல்ட் சரியாக இருந்து, மாறுமின்னழுத்தம் அளக்கும் நிலையில் மல்டிமீட்டர் பேட்டரி முனைகளில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், டையோடு பழுதாகியிருக்கலாம்.

நல்ல டையோடுகளை எரித்துவிடும் பொதுவான தவறு ஒன்று உண்டு: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரித் தேர்வு விசையை ஒரு கணமேனும் நிறுத்த நிலைக்குத் திருப்பினால், போக்கிடம் இழந்த மின்னோட்டம் மின்னழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்திவிடும். எஞ்சினை நிறுத்திய பின்னரே அந்த விசையைத் தொட வேண்டும்.