ஊரெல்லையில் எதிர்ப்பட்ட ஆசார்யர்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ளது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் எழுந்தருளியிருந்த உறங்காப்புளியைத் தரிசிக்கவே அடியார்கள் பெரும்பாலும் இங்கு வருகிறார்கள். மணவாள மாமுனிகள் 1370ஆம் ஆண்டு, ஐப்பசி மூலத்தில் அவதரித்ததும் இத்தலத்தில்தான். திருவரங்கத்தில் பெரிய பெருமாளே அவரிடம் சீடனாக இருந்து கேட்ட வரலாற்றை அறியாத வைணவர் இல்லை. ஆனால், அவரே சீடராக இருந்து பாடம் கேட்கப் புறப்பட்ட நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மாமுனிகளுக்கு வாய்த்த ஆசார்யர் திருவாய்மொழிப்பிள்ளை. பாண்டியனின் அரசவையில் பெரும் பொறுப்பு வகித்து, பின்னர் அதனைத் துறந்தவர். காடு மண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைச் சீர்திருத்தி, அங்கு வழிபாட்டை மீண்டும் தழைக்கச் செய்தவரும் அவரே. அவர் கல்வி பெற்ற விதமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கூரகுலோத்தமதாசர், விளாஞ்சோலைப்பிள்ளை, நாலூராச்சான்பிள்ளை என்று ஒருவருக்குப் பின் ஒருவராகப் பல ஆசார்யர்களை அண்டியே அவர் ரகசியார்த்தங்களையும் ஈட்டையும் கற்றார். ஈடு என்பது திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய வியாக்கியானம். நாலூராச்சான்பிள்ளையிடம் அதனைத் திருவாய்மொழிப்பிள்ளையோடு உடனிருந்து கேட்டவர்களுள் திருநாராயணபுரத்து ஆய் என்பவரும் ஒருவர். கன்னட நாட்டுத் திருநாராயணபுரத்தில், அதாவது மேல்கோட்டையில், செல்வப்பிள்ளைக்குப் பால் அமுது செய்விக்கும் கைங்கர்யம் அவருடையது. ஒருநாள் அவர் வரத் தாமதித்தபோது, ‘நம் ஆய் எங்கே?’ என்று தாயைத் தேடும் பிள்ளையைப் போலப் பெருமாள் கேட்டதால் அப்பெயர் வந்தது என்பர்.

மாமுனிகள் ஆசார்ய ஹிருதயத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளை லோகாசார்யரின் தம்பியான அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் 234 சூர்ணிகைகளில் அருளிய நூல் அது. நம்மாழ்வாரின் திருவுள்ளத்தைச் சொல்ல வந்த நாயனார், பெரும்பாலும் ஆழ்வார்களின் அருளிச்செயல்களிலிருந்தே சொற்களை எடுத்துத் தொடுத்திருக்கிறார். ஒரு சொல்லின் பின்னே ஒரு பாசுரம் முழுவதும் நிற்கும். ஏட்டைப் படித்து மட்டும் இதன் பொருளை முற்றும் பெற இயலாது. காலட்சேபமாகக் கேட்டே அறிய வேண்டும். இருபத்திரண்டாம் சூர்ணிகைக்கு வந்தபோது மாமுனிகளுக்கு ஓர் ஐயம் எழுந்தது.

கேட்டறிய அவருடைய ஆசார்யர் இவ்வுலகில் இல்லை. மாமுனிகளோ அதற்குள் நாடறிந்த வித்வானாகிவிட்டார். தமக்குத் தோன்றிய பொருளை அவர் எழுதியிருந்தால் மறுத்துக் கேட்பவர் யார்? ஓர் அலுவலகத்தில்கூட, மேல்நிலைக்கு வந்துவிட்டவர் மற்றவரிடம் ‘இது எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்வதைக் காண்பது அரிது. மாமுனிகள் அவ்வாறு எண்ணவில்லை. தம் ஆசார்யருடன் ஒன்றாகக் கற்ற ஆய் இருக்கிறார், அவரிடம் கேட்போம் என்று நம்மாழ்வாரிடம் விடைபெற்றுப் புறப்பட்டார். இன்றைய சாலைக் கணக்கில் அது 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. அன்று நடந்தே செல்ல வேண்டும்.

அவர் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. ஊரெல்லையிலேயே எதிரில் ஆய் வந்துகொண்டிருந்தார்! மாமுனிகளின் பெருமையைக் கேள்வியுற்று, அவரைச் சேவிக்க வேண்டும் என்று திருநாராயணபுரத்திலிருந்து புறப்பட்டு வந்திருந்தார் அவர். இருவரும் ஒருவரையொருவர் தண்டனிட்டார்கள். காஞ்சியிலிருந்து பெரியநம்பியைத் தேடி இராமாநுசர் புறப்பட, அவரை அழைத்துப்போகப் பெரியநம்பி எதிரில் வர, இருவரும் மதுராந்தகத்தில் சந்தித்ததைப் போல இருக்கிறதே என்று உடனிருந்த சீடர்கள் மகிழ்ந்தார்களாம்.

பின்னர் மாமுனிகள் ஆயிடம் ஆசார்ய ஹிருதயம் முழுவதையும் கேட்டார். ஐயம் எழுந்தது ஓரிடத்தில்தான். ஆயினும், அந்த ஓரிடத்துக்கு மட்டும் விளக்கம் பெற்றுக்கொண்டு அவர் எழுந்துவிடவில்லை. கேட்டு முடித்ததும், ஆசார்யருக்குச் செலுத்தும் நன்றியாக ஆயின்மீது ஒரு தனியனை இயற்றிச் சமர்ப்பித்தார். ஆயோ, அதற்குத் தாம் தகுதியுடையவர் அல்லர் என்றார். பதிலுக்கு மாமுனிகள்மீது அவரே ஒரு பாசுரம் பாடினார். இவர் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த உடையவரோ, மகிழமாலை சூடிய ஆழ்வாரேதாமோ என்று வியக்கும் பாசுரம் அது. யார் ஆசிரியர், யார் மாணவர் என்று பிரித்துச் சொல்ல அங்கே இடமில்லாமற் போயிற்று.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வியாக்கியானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போனபோதும் மாமுனிகளிடம் இதே அடக்கத்தைக் காண்கிறோம். முழுவதற்கும் தாமே புதிதாக உரை செய்யும் வல்லமை அவருக்கு உண்டு. ஆனால், அழிந்துபோன பாசுரங்களுக்கு மட்டும் எழுதி, முன்னோரின் உரை எஞ்சியிருந்த இடம் வந்ததும் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். திருவாய்மொழிக்கு வியாக்கியானம் செய்த ஐவரையும் உபதேச ரத்தினமாலையில் வரிசையாக நினைந்து போற்றுகிறார். அந்நூலைத் தொடங்குவதோ திருவாய்மொழிப்பிள்ளையின் அருளைச் சொல்லித்தான். திருவரங்கத்தில் அவர் ஓராண்டுக் காலம் ஈடு சாதித்து, 1433ஆம் ஆண்டு ஆனி மூலத்தன்று சாற்றுமுறை செய்தபோது, அரங்கன் ஒரு பாலகனாக வந்து தனியன் ஒன்றைச் சமர்ப்பித்தான் என்பது வரலாறு. தினந்தோறும் சந்நிதிகளில் நாம் சேவிக்கும் அத்தனியனிலும் ஸ்ரீசைலேசராகிய திருவாய்மொழிப்பிள்ளையின் தயைக்குப் பாத்திரமானவர் என்ற அடையாளமே முதலில் வருகிறது.

ஆய் சில காலம் கழித்துத் திருநாராயணபுரம் திரும்பினார். அதற்குள், அவர் பரமபதித்துவிட்டார் என்று சொல்லி, அவருடைய உடைமைகளையெல்லாம் சிலர் பெருமாள் கோயிலில் சேர்த்துவிட்டிருந்தனர். அதைக் கேட்ட ஆய் வருந்தவில்லை. செல்வப்பிள்ளையின் பொருள் செல்வப்பிள்ளையிடமே போய்ச் சேர்ந்தது என்று மகிழ்ந்து, அங்கேயே இருந்து பெருமாளுக்குத் தம் கைங்கர்யத்தைத் தொடர்ந்தார்.