தலைகீழாய் நிற்கும் ஹெலிகாப்டர்

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்று, கோவிந்தாபுரத்தில் தென்னந்தோப்பு ஓரமாகக் குடியிருப்பவன் நான். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் எங்கள் ஊர். மேற்படிப்புக்கு வெளிநாடு போன பேரன், ரேடியோவில் இயங்கும் மாடல் ஹெலிகாப்டர் ஒன்றை விட்டுச் சென்றான். பெட்டியைப் பிரித்தேன், வினை தொடங்கியது.

"இந்த வயதில் பொம்மையா?" என்று என் வீட்டுக்காரம்மா இன்றும் கேட்கிறாள். இது பொம்மை அல்ல. மேல் விசிறியின் குறுக்களவு சுமார் 70 செ.மீ., நிமிடத்துக்கு ஏறக்குறைய 2800 சுற்று. அன்பர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: இறக்கையின் நுனி மணிக்கு 370 கி.மீ. வேகத்தில் போகிறது. பட்டால் விரல் மிஞ்சாது.

எங்களுக்கு வெகுதூரமில்லாத சூலூர் விமானப்படைத் தளத்தின் 'சாரங்' சாகசக் குழு, 2003ல் துருவ் ஹெலிகாப்டர்களுடன் உருவானது. அவர்கள் வானில் காட்டிய வித்தைகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் தலைகீழாக அந்தரத்தில் அப்படியே நிற்பது, ஆள் ஏறும் எந்த ஹெலிகாப்டராலும் ஆகாத காரியம். மாடலால் ஆகும். காரணம் இறக்கையின் சாய்வுக் கோணம். மாடலில் அதை மேல்பக்கம் 11 டிகிரி, கீழ்ப்பக்கமும் 11 டிகிரி திருப்பலாம். உடல் கவிழ்ந்ததும் சாய்வையும் எதிர்ப்பக்கம் மாற்றினால், விசிறி காற்றை மீண்டும் தரையை நோக்கியே தள்ளும். 1990களில் அமெரிக்கர் கர்ட்டிஸ் யங்பிளட் போன்றவர்கள் பரப்பிய வித்தை இது.

கஷ்டம் இயந்திரத்தில் இல்லை, நம் மண்டையில் இருக்கிறது. வால் நம்மை நோக்கி இருக்கும்படி பக்கவாட்டில் உருட்டிக் கவிழ்த்தால், இடது வலது சாய்வு மட்டும் பழையபடியே வேலை செய்யும். மற்ற மூன்றும் எதிர்மறை. முன்னே தள்ளினால் பின்னே வரும், மூக்கை வலப்புறம் திருப்பினால் இடப்புறம் போகும், ஏற்ற நினைத்தால் இறங்கும். பேரனின் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் ஆறு மாதம், தினம் அரைமணி நேரம் பழகினேன். அதில் எத்தனை நொறுக்கினாலும் செலவில்லை.

பிறகு அறுவடையான வயலில் நிஜமாகச் செய்தேன். பத்து வினாடி நன்றாக நின்றது. ஒரு காக்கை குறுக்கே வரவும், பயத்தில் கை பழைய வழக்கப்படி 'மேலே' என்று தள்ளிவிட்டது. முழு வேகத்தில் தரையில் மோதி, உடைந்த இறக்கைத் துண்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாலடி தள்ளி விழுந்தது. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, பேச்சற்று நின்றார். இரண்டு மாதம் ரிமோட்டைத் தொடவில்லை.

நான் செய்த தவறு வரிசை தப்பியது. பழைய கைகாட்டி சிக்னலில் கம்பி அறுந்தால், கை எடைக்கட்டையின் கனத்தால் தானாகவே 'நில்' நிலைக்குத் திரும்பும். பழுதானாலும் ஆபத்து வராத ஏற்பாடு. அதைக் கண்காணித்தே சம்பளம் வாங்கியவன், ஹெலிகாப்டரில் மறந்தேன். அதிலும் அப்படி ஒன்று உண்டு: ஆட்டோரொட்டேஷன். மோட்டாரை நிறுத்தி, இறக்கைச் சாய்வைச் சற்றே கீழ்ப்பக்கம் கொண்டுபோனால், இறங்கும் வேகக் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகம் குறைத்து, சாய்வைக் கூட்டி, சேர்த்துவைத்த சுழற்சியைச் செலவழித்து மெல்ல அமர்த்த வேண்டும். ஒரே வாய்ப்புத்தான். அவசரமாய்க் கூட்டினால் ஆளுயரத்தில் சக்தி தீர்ந்து, கல்லாய் விழும்.

இதை நாற்பது, ஐம்பது முறை இறக்கிப் பழகிய பிறகே மீண்டும் கவிழ்த்தேன். இப்போது சுற்றிலும் ஆளோ ஆடோ இல்லை என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன் குரல் கொடுத்தால்தான் கிளப்புவேன். மனம் குழம்பினால் காப்பாற்றப் பார்ப்பதில்லை. மோட்டாரை நிறுத்தும் சுவிட்சைத் தட்டிவிடுவேன். பொருள் போகட்டும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னையையே வளைக்கும். அப்போது சிமுலேட்டர் மட்டுந்தான். மற்ற மாதங்களில் விடியற்காலை ஆறு மணிக்கு வயலில் இருப்பேன். தலைகீழாய் நிறுத்துவதில் இதுவரை என் கணக்கு நாற்பது வினாடி.