கண்ணாடிக்குள் வெளிச்சம் – 6: கரண்டுக்குக் கட்டுப்படும் நியோன்

பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஓடிவரும் கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிறைத்து, விமலசுரேந்திர மின் நிலையத்தைச் சுழலவைக்கிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் வீட்டுக்கு வரும்போது 230 வோல்ட். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கக் கை முதலில் தேடுவது டெஸ்டரைத்தான். அதன் பிடிக்குள் மினுங்கும் செம்மஞ்சள் பொட்டு, 1898இல் ராம்சேயும் டிராவர்ஸும் லண்டனில் கண்டறிந்த நியோன் வாயுவின் ஒளி.

அதே ஒளியை ஒரு கோடாக நீட்டினால் என்ன ஆகும்?

சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஐ.என்-9, ஐ.என்-13 குழாய்கள் அதற்கான விடை. நியோன் குழாயில் கரண்ட் கூடினால், ஒரு கட்டம் வரை, வோல்ட் அதிகம் மாறாது. எதிர்மின்வாயில் ஒளி பிடிக்கும் இடம்தான் விரியும். எதிர்மின்வாயை நீண்ட கம்பியாக வைத்துவிட்டால் கரண்டின் அளவுக்கு ஏற்ப ஒளிக்கோடு மேலே ஏறும். ஆகவே இந்தக் குழாயை வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து ஆட்டிவைக்கப் பார்ப்பது வீண்வேலை. கரண்டைப் பிடிக்க வேண்டும்.

ஐ.என்-13க்குச் சுமார் 140 வோல்ட் நேர்மின்சாரம் போதும். 12 வோல்டிலிருந்து அதை உயர்த்தித் தரும் சிறு பலகைகள் கிடைக்கின்றன. குழாயின் கீழே எம்.ஜே.இ.340 போன்ற உயர் வோல்ட் டிரான்சிஸ்டர், அதன் எமிட்டரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மேல் நிற்கும் வோல்ட்டைக் கட்டுப்படுத்த ஓர் ஒப்-ஆம்ப். ரெசிஸ்டரில் 4 வோல்ட் நின்றால் குழாயில் 4 மில்லி அம்பியர். கோடு கிட்டத்தட்ட உச்சியைத் தொடும். எல்.எம்.35 வெப்ப உணரி ஒரு பாகைக்கு 10 மில்லி வோல்ட் தரும். அதைப் பத்து மடங்காக்கி இந்தச் சுற்றுக்குக் கொடுத்தால் ஒரு பாகைக்கு 0.1 மில்லி அம்பியர். மலையகக் குளிரை அளக்க அருமையான வெப்பமானி தயார்.

சரி, ஒளி நடுவில் மிதக்கிறதா? ஐ.என்-13இல் மூன்று கம்பிகள் உண்டு. மூன்றாவது, துணை எதிர்மின்வாய். அது 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். கோட்டை அடியிலிருந்து தொடங்கவைப்பது அதுதான். இரண்டு கம்பி மட்டுமே உள்ள ஐ.என்-9இல் இந்த வசதி இல்லை. அதில் ஒளி இடம் மாறி நின்றால், கரண்டைச் சற்று நேரம் முழு அளவுக்கு ஏற்றிவிட்டு மெல்ல இறக்கிப் பார்க்கலாம். நெடுங்காலம் பெட்டியில் கிடந்த குழாயில் கோடு பாதியில் சிக்கினாலும், அனுமதித்த உச்ச கரண்டில் சில மணி நேரம் எரியவிடுவதே வழக்கமான வைத்தியம்.

ஒளியே வராவிட்டால் முதலில் முனைகள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு குழாயின் முனையில் மீட்டரை வைக்க வேண்டும். வோல்ட் சரிந்து கிடந்தால் குற்றம் மின்வழங்கியில். 140 நின்றும் ஒளி இல்லையென்றால் டிரான்சிஸ்டரிலோ கம்பி இணைப்பிலோ. அவையும் நன்றாக இருந்தால்தான் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். கம்பியைக் கண்ணாடிக்கு ஒட்டி மடித்தால் அங்கே விரிசல் விழும். காற்று புகுந்த குழாயை மீட்க வழியில்லை.

வீட்டு மின்சாரத்தை நேராகத் திருத்தி இதற்குக் கொடுக்கவே கூடாது. கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறிவிடும். 140 வோல்ட்டும் உயிரைப் பறிக்கக்கூடியதே. மின்சாரத்தை நிறுத்தி, கெப்பாசிட்டர் வடிந்ததை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

(அடுத்த வாரம்: எண்களைக் காட்டும் நிக்ஸி குழாய்)